வந்த மண்ணும் வாய்த்த மொழியும்: எம்.ஜி.ஆரின் மேடை, திரை வாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்து சில நிலையங்கள் சென்றால் திருவாலங்காடு வரும். ஆடலரசனின் ஐம்பெரும் அம்பலங்களுள் ஒன்றாகிய இரத்தின சபை இவ்வூரில் அமைந்துள்ளது. 1905ஆம் ஆண்டில் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளால் வரலாற்று மாணவர் அனைவரும் இவ்வூர்ப் பெயரை அறிவர். தமிழிலக்கிய மாணவர்க்கோ வேறொரு காரணத்தால் இவ்வூர் நெருக்கமானது. காரைக்காலில் பிறந்து, இல்லத்தையும் ஊரையும் துறந்து நெடுவழி நடந்த அம்மையார் வந்து தங்கிப் பாடிய தலம் இதுவெனப் பெரியபுராணம் கூறுகிறது. ஆக, வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் தமிழால் புகழ்பெற்ற ஊர் என்று திருவாலங்காட்டைக் குறிப்பிடுவது மிகையாகாது.

இன்று இம்மாவட்டத்தில் வெளியூர் மாந்தர் பலர் வாழ்கின்றனர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் உழைக்கின்றனர். அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாமும் உள்ளது. அவர்தம் பிள்ளைகள் நம் பள்ளிகளில் பயில்கின்றனர். நாளை நம் கல்லூரி வாயிலுக்கும் வருவர். இந்நிலையில், 'வந்தவர் எப்போது நம்மவர் ஆகிறார்?' என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. நம் வகுப்பறைக்குள்ளேயே எழுவது.

இவ்வினாவிற்கு விடைகாணத் துணைசெய்யும் வாழ்வு ஒன்று நம் நாடக, திரைப்பட வரலாற்றில் உண்டு. அது எம்.ஜி. இராமச்சந்திரன் அவர்களின் கலைவாழ்வு. அவர்தம் அரசியலை எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பணியைச் செய்வோர் பலர் உளர். கடல் கடந்து வந்த ஏழைச் சிறுவன் ஒருவன், மேடையிலும் திரையிலும் நின்று, தான் பிறவாத ஒரு மண்ணின் குரலாக எவ்வாறு மாறினான் என்பதனை மட்டும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

பிறப்பும் பெயர்வும்

எம்.ஜி.ஆர். 1917ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் இலங்கையின் கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் கோபால மேனன், தாயார் சத்தியபாமா. குடும்பத்தின் பூர்விகம் பாலக்காட்டுப் பகுதி. இல்லத்தில் வழங்கிய மொழி மலையாளம். நாவலப்பிட்டி தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைநாட்டு ஊர். அத்தோட்டங்களில் உழைத்தோர் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கப்பலேறிச் சென்ற தமிழர். ஆகவே, அக்குழந்தை பிறந்த இடமே புலம்பெயர்ந்தோர் நிறைந்த இடமாக இருந்தது.

குழந்தைக்கு நினைவு தெளியும் முன்னரே தந்தையார் மறைந்தார். தாயார் தம் பிள்ளைகளுடன் கடல் கடந்து வந்து, பின்னர்க் கும்பகோணத்தில் தங்கினார். மூத்தவர் சக்கரபாணி, இளையவர் இராமச்சந்திரன். கும்பகோணத்து ஆனையடிப் பள்ளியில் இளையவரின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. வறுமையே அதற்குக் காரணம். இல்லத்தில் அடுப்பு எரியாத நாள்கள் உண்டென அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இரு சிறுவரும் நாடகக் குழுவிற்கு அனுப்பப்பட்டது கலையார்வத்தால் மட்டும் அன்று. அங்கே மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்பதும் பெருங்காரணமாகும்.

ஆக, நாடு ஒன்று, பூர்விகம் ஒன்று, வளர்ந்த இடம் ஒன்று. வீட்டு மொழி ஒன்று, வீதி மொழி மற்றொன்று. இந்நிலை இன்று கும்மிடிப்பூண்டியில் வாடகை அறையில் வாழும் ஒரு தொழிலாளியின் மகனுக்கும் பொருந்துவதனைக் காண்கிறோம்.

நாடகக் குழு என்னும் பள்ளி

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலந்தொட்டு, சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட நாடகக் குழுக்கள் தமிழகத்தில் வளர்ந்தன. அவற்றை மக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்றே வழங்கினர். அத்தகைய குழுக்களுள் ஒன்றான மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இரு சகோதரரும் சேர்ந்தனர். பி.யு. சின்னப்பா, காளி என். ரத்தினம் ஆகிய புகழ்பெற்ற கலைஞர்கள் இருந்த குழு அது. எம். கந்தசாமி முதலியார் அக்குழுவின் ஆசிரியர்களுள் ஒருவர். புராண நாடகங்களையே கண்டு பழகிய மக்களுக்கு ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கி அளித்து, சமூக நாடகத்திற்கு வழிகோலியவர் அவர்.

குழுவின் வாழ்வு கடுமையானது. சிறுவர் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குவர். விடியலில் பாட்டுப் பாடம், பின்னர் வசனப் பாடம், அதன்பின் ஆட்டமும் சண்டைப் பயிற்சியும், இரவில் நாடகம். பாலபார்ட், ஸ்திரீபார்ட், ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் என வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. நாடகம் கற்பிப்பவரை 'வாத்தியார்' என்றே அழைப்பர். ஒரு சொல் தவறினாலும் வாத்தியாரின் பிரம்பு பேசும். இச்சொல் பின்னாளில் சுவையான ஒரு திருப்பத்தைக் கண்டது. வாத்தியாருக்கு அஞ்சி வசனம் பயின்ற அச்சிறுவனையே, பல்லாண்டுகள் கழித்துத் தமிழகத்தின் எளிய மக்கள் 'வாத்தியார்' என்று உரிமையுடன் அழைத்தனர்.

இக்குழு வாழ்வில் நம் ஆய்விற்கு இன்றியமையாத கூறு மொழிப்பயிற்சியாகும். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டல் வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாடு பிசகினால் மக்கள் கூச்சலிடுவர். தமிழ் வீட்டில் பிறந்த சிறுவனுக்கும் பிறமொழி வீட்டிலிருந்து வந்த சிறுவனுக்கும் ஒரே பாடம், ஒரே பிரம்பு. 'நீ எவ்வூரான்?' என்று வாத்தியார் கேட்பதில்லை. 'பாடம் சொல்' என்றே கேட்பார். இந்தச் சமநிலையே நாடகக் குழு வந்தவர்க்கு அளித்த பெருங்கொடை என்பது நம் துணிபு.

எனினும், குழுவின் குறையையும் மறைத்தல் தகாது. கணக்கு, அறிவியல், வரலாறு எதுவும் அங்கே இல்லை. சிறுவனுக்குக் குரல் உடையும் பருவத்தில் 'மகரக்கட்டு' வந்துவிட்டால், அதுவரை கொண்டாடப்பட்டவன் ஒரே நாளில் ஓரங்கட்டப்படுவான். குரல் இருக்கும் வரையே மதிப்பு. இவ்வாறு பாதியில் உதிர்ந்து, பெயர் தெரியாமற் போன சிறுவர் எத்தனையோ பேர். ஒருவரின் வெற்றியைப் பேசுகையில் அவர்களையும் நினைத்தல் அறம்.

திரை வாயிலில் பதினோராண்டு

நாடகக் குழுக்கள் சென்னையில் முகாமிடும்போது வால்டாக்ஸ் சாலையிலுள்ள ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் நடத்துவது வழக்கம். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய சாலை அது. திருவாலங்காட்டிலிருந்து தொடர்வண்டியேறிச் சென்னையில் இறங்கும் மாணவர் இன்றும் அதன் அருகேதான் கால்வைக்கின்றனர். சகோதரர் இருவரும் தம் இளமையில் அச்சாலைப் பகுதியில் வாழ்ந்தவர்களே.

1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'சதிலீலாவதி' எம்.ஜி.ஆரின் முதற்படம். கதை எஸ்.எஸ். வாசனுடையது. கந்தசாமி முதலியாரின் மகன் எம்.கே. ராதா கதாநாயகர். என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். பாலையா ஆகியோர்க்கும் இதுவே முதற்படம். எம்.ஜி.ஆர். ஏற்றது காவல் ஆய்வாளர் வேடம். மதுவின் தீமையைக் கூறும் இக்கதையில், குடியால் நிலைதவறிய நாயகன் ஊரைவிட்டோடி இலங்கைக்குச் சென்று தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கின்றான். தேயிலைமலை நாட்டில் பிறந்த இளைஞர், அம்மலைநாட்டைக் களமாகக் கொண்ட கதையிலேயே முதன்முதலாகத் திரையில் தோன்றினார் என்பது எண்ணத்தக்கது.

இப்படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். 1935இல் இந்தியாவிற்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழறியாத அவரே பின்னர் 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரிகுமாரி' முதலிய படங்களைத் தந்து, தமிழ்த்திரையின் ஒளிப்பதிவிலும் படத்தொகுப்பிலும் புதுமை புகுத்தினார். தமிழ்த்திரை தன் இளமையிலேயே வந்தவர்க்கு இடமளித்து, அதனால் தானும் வளர்ந்தது என்பதற்கு இது தக்க சான்று.

முதற்படத்திற்குப்பின் எம்.ஜி.ஆருக்கு வாழ்வு உடனே மலர்ந்துவிடவில்லை. 'இரு சகோதரர்கள்' (1936), 'மாயா மச்சீந்திரா' (1939), 'அசோக்குமார்' (1941), 'மீரா' (1945) எனப் பல படங்களில் சிறு வேடங்களும் துணை வேடங்களுமே வாய்த்தன. 1946இல் வெளிவந்த 'ஸ்ரீமுருகன்' படத்தில் அவர் சிவபெருமானாகத் தோன்றி, பார்வதியாக நடித்த கே. மாலதியுடன் ஆடிய ஆடல் பாராட்டப் பெற்றது. ஆடலுக்குப் பெயர்பெற்ற ஆலங்காட்டின் பெயரால் தொடங்கிய இக்கட்டுரையில் இதனைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது.

அவ்வாடல் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டிலேயே, 1947இல், ஜுபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி' படத்தில் அவர் கதாநாயகர் ஆனார், மாலதியே நாயகி. ஜுபிடர் நிறுவனம் எம். சோமசுந்தரம், எஸ்.கே. மொகிதீன் என்னும் இருவரின் கூட்டுறவில் நடந்தது. அப்படத்தின் இயக்குநர் ஏ.எஸ்.ஏ. சாமி. வசனத்தில் பங்கேற்றவர் அப்போது இளைஞராயிருந்த மு. கருணாநிதி. ஒரு மொழியின் கலை எத்தனை சமயத்தாரின் கைகளால் நெய்யப்படுகிறது என்பதனை இப்பெயர்களே உணர்த்தும். முதற்படத்திற்கும் முதல் நாயக வேடத்திற்கும் இடைப்பட்ட காலம் பதினோராண்டுகள். பத்தொன்பது வயதில் வாயிலில் நின்றவர் முப்பது வயதில் உள்ளே நுழைந்தார்.

பின்னணிக் குரலும் புதிய நாயகரும்

பதினோராண்டுக் காத்திருப்பிற்குக் காரணம் யாது? வறுமை, அறிமுகமின்மை ஆகியவற்றைக் கூறுவர். அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் பாட வல்லவரே தமிழ்த்திரையில் கதாநாயகர். தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் தம் பாட்டாலேயே அரசோச்சினர். எம்.ஜி.ஆர். பாடகர் அல்லர். வாள்வீச்சும் தோற்றமும் தெளிவான உச்சரிப்பும் அவரிடம் இருந்தன. கேட்போரை மயக்கும் இசைக்குரல் இல்லை.

இந்நிலையை மாற்றியது ஒரு தொழில்நுட்பம். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் முறை தமிழில் தலைகாட்டியது. அடுத்த பத்தாண்டுகளில் அது பரவி வேரூன்றியது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்னும் பிரிவு ஏற்பட்டதும், பாடத் தெரியாத நடிகர்க்கும் நாயக வேடம் எட்டும் கனியாயிற்று. 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆருக்காகப் பாடியவர் எம்.எம். மாரியப்பா. 'மலைக்கள்ளன்' தொடங்கி டி.எம். சௌந்தரராஜனின் குரல் அவரோடு ஒன்றியது. சௌந்தரராஜனும் மதுரையில் வாழ்ந்த சௌராட்டிரக் குடும்பத்தில் தோன்றியவர். தமிழ்மக்கள் தம் குரலாகக் கொண்டாடிய அப்பாடல்களில், நடித்தவரின் வீட்டுமொழியும் தமிழன்று. பாடியவரின் வீட்டுமொழியும் தமிழன்று. இருவரையும் தமிழகம் தன் பிள்ளைகளாகவே ஏற்றது.

நாடோடியும் மன்னனும்

'மந்திரிகுமாரி' (1950), 'மருதநாட்டு இளவரசி' (1950), 'மர்மயோகி' (1951) ஆகியன அவருக்கு நிலையான இடத்தைத் தந்தன. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவலை அடிப்படையாகக் கொண்ட 'மலைக்கள்ளன்' (1954) குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 'குலேபகாவலி' (1955), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'பாக்தாத் திருடன்' (1960) ஆகியவை அரபு, பாரசீகக் கதையுலகைத் தமிழர்க்குக் காட்டின. இக்கதைகள் பார்சி நாடகக் குழுக்களின் வழியே நம் மேடைக்கு முன்னரே அறிமுகமானவை. கதைகளும் மனிதரைப் போலவே புலம்பெயர்கின்றன. வந்த மண்ணின் உடையை உடுத்திக்கொள்கின்றன.

முஸ்லிம் வேடங்களையும் அவர் விரும்பி ஏற்றார். 'ராஜா தேசிங்கு' (1960), 'சிரித்து வாழ வேண்டும்' (1974) ஆகிய இரு படங்களிலும் இரட்டை வேடம். இரண்டிலும் ஒரு வேடம் இந்து, மற்றொன்று முஸ்லிம். ஒரே முகம் இரு சமயங்களில் தோன்றியதை மக்கள் இயல்பாக ஏற்றனர்.

அவர்தம் கலைவாழ்வின் உச்சம் 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்'. தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரு வேடங்களில் நடித்தார். மன்னனின் உருவத்தை ஒத்த எளியவன் ஒருவன் அரியணையில் அமர்ந்து, மக்களுக்கான சட்டங்களை வகுப்பதே கதை. படம் வென்றால் தாம் மன்னர், தோற்றால் நாடோடி என அவர் கூறியதாக இன்றும் வழங்குகின்றனர். கைப்பொருள் அனைத்தையும் ஈடுவைத்துப் படமெடுத்த ஒருவர்க்கு அச்சொல் வெறும் அணியன்று. இப்படத்தின் உரையாடலைக் கண்ணதாசனுடன் எழுதியவர் ரவீந்தர். நாகூரைச் சேர்ந்த காஜா மொகிதீன் என்பதே அவர்தம் இயற்பெயர். எம்.ஜி.ஆரின் நாடக மன்றத்திற்கு 'இன்பக் கனவு' முதலிய நாடகங்களை எழுதியவரும் இவரே. புகழ் வெளிச்சத்திற்குப் பின்னால் நின்ற இவ்வெழுத்தாளரைப் பற்றித் தனி ஆய்வு செய்ய நம் மாணவர் முன்வருதல் வேண்டும்.

திரையில் உயர்ந்தபின்னும் மேடையை அவர் கைவிடவில்லை. 1959இல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடகத்தில் சண்டைக் காட்சியின்போது அவருடைய கால் முறிந்தது. பல திங்கள் ஓய்வுக்குப் பின்னரே மீண்டும் நடிக்க முடிந்தது. படகோட்டி, உழவன், மாட்டுவண்டிக்காரன், தொழிலாளி, ரிக்‌ஷாக்காரன் என அவர் 1960களிலும் 1970களிலும் ஏற்ற வேடங்கள் உழைப்பவரின் வேடங்கள். 1971ஆம் ஆண்டிற்கான சிறந்த நடிகர் என்னும் தேசிய விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்திற்காக அவருக்கு வழங்கப்பட்டது.

இரண்டு குரல்கள்

இனி, நம் வினாவிற்கு நேரான விடைதரும் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துக் காண்போம்.

முதல் நிகழ்ச்சி 1953இல். எஃப். நாகூர் இயக்கிய 'ஜெனோவா' தமிழிலும் மலையாளத்திலும் உருவாயிற்று. எம்.ஜி.ஆர். நடித்த மலையாளப் படம் அது. பூர்விகத்தால் அது அவர்தம் மொழி. தாயின் மடியில் கேட்ட மொழி. ஆயினும் மலையாளப் பதிப்பில் அவருக்கு வேறொருவர் குரல் கொடுக்க நேர்ந்தது. மேடையிலே தமிழுக்குப் பழகிவிட்ட நாவிற்கு, பிறப்பால் வாய்த்த மொழி அயலாகிவிட்டிருந்தது.

இரண்டாம் நிகழ்ச்சி 1967இல். அவ்வாண்டு சனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். தம் இராமாவரம் இல்லத்தில் துப்பாக்கியால் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. சொற்கள் குழறின. நடிகர்க்குக் குரல் போவது, உழவனுக்கு நிலம் போவது போன்றது. மீதமிருந்த படங்களில் வேறொருவரைக் கொண்டு குரல் கொடுத்திருக்கலாம். தொழில்நுட்பம் இருந்தது, அறிவுரை கூறியோரும் இருந்தனர். அவர் அதற்கு இசையவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் அந்தச் சிதைந்த குரலிலேயே பேசினார். மக்கள் அக்குரலைப் புறக்கணித்தார்களா? இல்லை. படம் வெற்றி பெற்றது. அதன்பின் பத்தாண்டுகள் அக்குரலிலேயே அவர் நாயகராக நடித்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது யாது? பிறப்பால் வந்த மொழியில் அவருக்கு இரவல் குரல் தேவைப்பட்டது. பயிற்சியால் பெற்ற மொழியிலோ, உடைந்த குரலும் சொந்தக் குரலாகவே நின்றது. ஒருவரின் மொழி எதுவென்பதைப் பிறப்புப் பதிவேடு கூறுவதில்லை. அவர்தம் உழைப்பும், கேட்போரின் உள்ளமும் சேர்ந்தே கூறுகின்றன. கொட்டகையில் மண்தரையில் அமர்ந்திருந்த எளிய மக்கள், அறிஞர் சபைகளுக்கு முன்னரே இத்தீர்ப்பை எழுதிவிட்டனர்.

தடைகளும் மறுப்புகளும்

இம்முடிவிற்கு எதிராகச் சில கூற்றுகள் எழலாம். அவற்றையும் நோக்குவோம்.

அவர்தம் நடிப்பு ஒரே வார்ப்பினது. பாத்திரத்தில் தம்மைக் கரைத்துக்கொள்ளவில்லை என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. சிவாஜி கணேசனின் நடிப்பில் காணும் உணர்ச்சி வேறுபாடுகளை எம்.ஜி.ஆரிடம் எதிர்பார்த்தல் இயலாது. ஆனால் அவர் தம் எல்லையை அறிந்தவர். அவ்வெல்லைக்குள் அங்க அசைவு, வேகம், தெளிவான சொல் ஆகியவற்றைக் குறைவின்றித் தந்தார். நம் ஆய்வும் அவரை நடிகருள் தலையாயவர் என நிறுவ முயலவில்லை. வந்தவர் ஒருவர் ஒரு மொழியில் எவ்வாறு வேரூன்றினார் என்பதையே காட்ட முயல்கிறது.

மக்கள் ஏற்றனர் என்றீரே, அவரை 'மலையாளி' எனப் பழித்தோரும் இருந்தனரே என வினவுவோரும் உளர். இருந்தனர். அரசியல் மேடைகளில் அவர்தம் பிறப்பிடமும் பூர்விகமும் குறையாகப் பேசப்பட்டதுண்டு. அரை நூற்றாண்டு ஒரு மொழியில் வாழ்ந்து, அம்மொழியில் உணவும் பெயரும் பெற்றவரையும் 'வந்தவர்' என ஒரு சொல்லால் வெளியே நிறுத்த முடிந்தது என்றால், நேற்று வந்து இன்று ஆலையில் உழைக்கும் பெயரில்லாத ஒருவரை அச்சொல் எவ்வளவு தாக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒருவரின் வெற்றியை வைத்து அனைவரையும் அளக்கலாமா என்பது மூன்றாவது வினா. அளத்தல் கூடாது. அவரைப் பழக்கிய வாத்தியார், சோறிட்ட குழு, பரிந்துரைத்த பெரியோர், துணிந்து வாய்ப்பளித்த தயாரிப்பாளர் ஆகியோர் இல்லையேல் அவ்வெற்றி இல்லை. ஆகவே நாம் கற்கவேண்டிய பாடம் 'அவரைப்போல் முயல்க' என வந்தவருக்குக் கூறும் அறிவுரை மட்டும் அன்று. அவருக்குக் கிடைத்தவற்றை வந்தவர்க்கு அளிக்குமாறு நமக்குக் கூறப்படும் அறிவுரையும் ஆகும். பசியால் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட அவர், முதலமைச்சரானபின் 1982இல் பள்ளிச் சிறார்க்குச் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தம் இளமைப் பசியே அதற்கு வித்து என அவரே கூறியுள்ளார். நாடகக் குழுவில் சோற்றிற்காகப் பள்ளியை இழந்தவர், பள்ளியிலேயே சோறு கிடைக்க வழிசெய்தார். கட்சி வேறுபாடு கடந்து அனைவரும் ஏற்கும் செய்தி இது.

முடிவுரை

1936 முதல் 1978 வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரையில் விளங்கி, 1987ஆம் ஆண்டு திசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தார். மறுஆண்டு 'பாரத ரத்னா' விருது அவர்க்கு அளிக்கப்பட்டது. நாவலப்பிட்டியில் பிறந்தவரின் உடல் மெரினாக் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டது. சிறுவனாகக் கடந்துவந்த கடலின் மறுகரையைப் பார்த்தபடி அந்நினைவிடம் நிற்கிறது.

நம் முன்னோர் பலர் இரங்கூன், கொழும்பு, பினாங்கு எனப் பிழைப்புத் தேடிச் சென்றவர். அங்கே அவர்களுக்குத் திண்ணை தந்தோரும் உண்டு, கதவடைத்தோரும் உண்டு. இந்நினைவு நம் சமுதாயப் பெரியோர் உள்ளத்தில் இன்றும் பசுமையாய் இருக்கும். உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டத்திற்கு 'ஹிஜ்ரத்துக் காண்டம்' எனப் பெயரிட்டார். மக்காவிலிருந்து ஊர் துறந்து வந்தவர்களை மதீனத்து மக்கள் தம் இல்லத்திலும் பொருளிலும் பங்களித்து உடன்பிறந்தாராய் ஏற்ற வரலாறு நாம் அனைவரும் அறிந்தது. அப்புனித வரலாற்றோடு ஒரு நடிகரின் வாழ்வை ஒப்பிடுவது நம் கருத்தன்று. வந்தவரை ஏற்பது அறம் என்பதை நமக்கு நினைவூட்ட அதனினும் உயர்ந்த சான்று வேறில்லை என்பதே நாம் கூற விழைவது.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒடிய மொழியோ இந்தியோ பேசும் வீட்டிலிருந்து வரும் மாணவன் ழகரத்தில் தடுமாறும்போது, வகுப்பு சிரிக்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. நாடகக் குழுவின் பிரம்பு வேண்டா. அதன் சமநிலை போதும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலங்கை முகாமிலிருந்து வரும் தோழன் பேசும் தமிழ் நம் தமிழினின்று சற்று வேறுபட்டு ஒலிக்கும். அதுவும் நம் மொழியின் ஒரு பண், செவிகொடுத்துக் கேளுங்கள்.

திருவாலங்காட்டின் பெயர், அங்குப் பிறந்தவரைவிட அங்கு வந்து பாடியவரால் இலக்கியத்தில் நிலைபெற்றது. அடுத்த தலைமுறையில் தமிழுக்குப் பெயர்தரப் போகும் பிள்ளை, இப்போது நம் வகுப்பின் கடைசி இருக்கையில் பேச அஞ்சி அமர்ந்திருக்கலாம். அப்பிள்ளையிடம் ஊரைக் கேட்கும் முன், பாடத்தைக் கேட்போம்.